எழுத்து பொருளன்று, எண்

இயற்கணிதத்தின் தொடக்கப் பாடத்திலேயே பல மாணவர்கள் தடம் மாறிவிடுகின்றனர். ஒத்த உறுப்புகளைக் கற்பிக்கையில், "ஆ என்றால் ஆப்பிள், வா என்றால் வாழைப்பழம்; இரண்டையும் ஒன்றாகக் கூட்ட முடியுமா?" என்று கேட்பது பல வகுப்பறைகளின் வழக்கம். 3ஆ + 2வா என்பதை மேலும் சுருக்க இயலாது என்று மாணவர் உடனே ஏற்றுக்கொள்கிறார். விடை சரி; விளக்கம் பிழை. பின்னர் 3ஆ × 2வா வரும்போது, ஆப்பிளை வாழைப்பழத்தால் எவ்வாறு பெருக்குவது? ஆ = −2 எனில் அது எத்தனை ஆப்பிள்?

எழுத்து பொருளின் சுருக்கப்பெயர் அன்று. அது எண்ணைக் குறிப்பது. ஒரு சமன்பாட்டில் அது கண்டறிய வேண்டிய எண். ஒரு பொது விதியில் எந்த எண்ணாகவும் இருக்கலாம். இவ்வேறுபாடு விளங்காதவருக்கு இயற்கணிதம் வெறும் குறியீட்டு மனப்பாடமாகவே எஞ்சுகிறது.

இக்குழப்பம் பள்ளியோடு முடிவதில்லை. 'ஆசிரியர்களைப் போல் 6 மடங்கு மாணவர்கள் உள்ளனர்' என்பதைச் சமன்பாடாக்குமாறு, 1980களின் தொடக்கத்தில் வெளியான ஆய்வில் ஜான் கிளெமென்ட் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களைக் கேட்டனர். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தவறினர். பெரும்பாலான தவறுகள் 6ம = ஆ என்ற வடிவிலேயே அமைந்தன. 'ம' என்பதை மாணவர்களின் எண்ணிக்கையாக அன்றி, 'மாணவர்' என்ற சொல்லாகவே வாசித்தால் அப்படித்தான் எழுதத் தோன்றும். சரியான வடிவம் ம = 6ஆ.

இந்தியக் கணித மரபில் இதற்கொரு நல்ல பாடம் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் பீஜகணிதம் இயற்றிய பாஸ்கரர், அறியப்படாத முதல் கணியத்தை 'யாவத்தாவத்' என்றார். 'எவ்வளவோ அவ்வளவு' என்பது அதன் பொருள். அடுத்தடுத்த கணியங்களுக்குக் கருமை, நீலம், மஞ்சள், செம்மை என நிறங்களின் பெயர்களைச் சூட்டினார். முதற்பெயர் அளவையே சுட்டுகிறது. நிறப்பெயர்களையோ எவரும் எண்ணப்படும் பொருளாகக் கருத வாய்ப்பில்லை.

என்.சி.இ.ஆர்.டி.யின் 2006ஆம் ஆண்டு ஆறாம் வகுப்புப் பாடநூலும் தீக்குச்சி வடிவங்களைக் கொண்டு, மாறும் எண்ணிக்கையிலிருந்தே இயற்கணிதத்தைத் தொடங்கியது. அத்தகைய நல்ல தொடக்கத்தைப் பழக்கூடை உவமை குலைத்துவிடுகிறது.

தீர்வு எளியது. சமன்பாட்டுக்கு முன் ஒரு முழு வாக்கியம் எழுதப்பட வேண்டும்: 'ம என்பது மாணவர்களின் எண்ணிக்கை'. 'ம என்பது மாணவர்கள்' என்று எழுதினால் மதிப்பெண் குறைய வேண்டும். அந்த ஒற்றைச் சொல்லை வலியுறுத்தாத வகுப்பறை, பிழையைக் கல்லூரி வரை அனுப்பிவைக்கிறது.