கப்பல்காரர்கள் விட்டுச்சென்ற சொற்கள்

"ஆரியா! ஆரியா!"

துறைமுகத்தில் சுமை இறக்கும்போது எழும் குரல் இது. "கயிற்றைத் தளர்த்து, மெல்லக் கீழே விடு" என்று அர்த்தம். இது தமிழ்ச் சொல் அல்ல. இந்திச் சொல்லும் அல்ல. போர்ச்சுக்கீசியர் கப்பலில் பிறந்து, நம் கரையில் தங்கிவிட்ட சொல்.

வெள்ளைக்காரர் காலத்தில் அவர்களுடைய வியாபாரக் கப்பல்களில் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு 'லஸ்கர்' என்று பெயர். ஒருவன் சில்ஹெட்டிலிருந்து வருவான். இன்னொருவன் கொங்கணக் கரையிலிருந்து வருவான். வேறொருவன் கோவாக்காரன். ஒருவன் பாஷை மற்றவனுக்குப் புரியாது.

ஆனால், புயல் அடிக்கும்போது பாஷை புரியவில்லை என்று நிற்க முடியுமா? கட்டளை காதில் விழுந்ததும் கை கயிற்றைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் உயிர் போய்விடும்!

அதனால் இந்தி, அரபி, பாரசீகம், போர்ச்சுக்கீசியம், ஆங்கிலம் எல்லாம் கலந்து ஒரு பேச்சு பிறந்தது. அதுதான் 'லஸ்கரி'. வெள்ளைக்கார அதிகாரிகளும் அதைக் கற்க வேண்டியிருந்தது. அவர்களுக்காகத் தாமஸ் ரோபக் என்பவர் 1811-ம் ஆண்டில் கல்கத்தாவில் ஓர் அகராதியே வெளியிட்டார்.

நம் வீட்டிலும் உண்டு

கப்பல் ஏறாதவர்களும் கப்பல்காரர் சொற்களைப் பேசுகிறோம். 'சுக்கான்' அரபியிலிருந்து வந்தது. 'நங்கூரம்' பாரசீகத்திலிருந்து வந்தது. 'மாலுமி' என்ற சொல்லுக்கு மூலமான அரபிச் சொல்லுக்கு ஆசிரியர் என்று பொருள். கடலில் வழி காட்டுகிறவர் ஆசிரியர்தானே!

தமிழ் வாங்கியதோடு நிற்கவில்லை, கொடுக்கவும் செய்தது. நம் மீனவர்களின் 'கட்டுமரம்' ஆங்கிலத்தில் 'கட்டமரான்' ஆகி, உலகம் முழுவதும் மிதக்கிறது.

லஸ்கர்களின் தலைவன் சாரங்கு. அவனுக்கு அடுத்தவன் தண்டல். தூத்துக்குடித் தோணிகளிலோ தலைவனுக்கே தண்டல் என்று பெயர். சுக்கான் பிடிப்பவன் சுக்கானி. சோறு ஆக்குபவன் பண்டாரி.

அடுப்படியில் நின்றவர்கள்

'ஆக்வாலா' என்று ஒருவன் இருந்தான். 'ஆக்' என்றால் இந்தியில் தீ. கப்பலின் அடித்தட்டில் நின்று, கொதிகலன் அடுப்பில் கரியை அள்ளிப் போடுவது அவன் வேலை. மேலே குளிர்காற்று வீசும். கீழே உடம்பு வெந்துவிடும். அவன் வேர்வையில்தான் கப்பல் ஓடியது.

ஆனால் கூலி? அதே கப்பலில் வேலை செய்த வெள்ளைக்கார மாலுமிக்குக் கிடைத்ததில் ஒரு சிறு பங்குதான்! 1939-ல் உலகப் போர் மூண்டதும் இந்திய மாலுமிகள் பலர், "கூலியை உயர்த்தாமல் கப்பல் ஏறமாட்டோம்" என்று மறுத்தார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். அதன் பிறகே கூலி உயர்ந்தது.

அந்தப் போரில் 6,000-க்கும் அதிகமான இந்திய மாலுமிகள் மாண்டார்கள். அதற்கு முந்திய போரில் உயிர்நீத்த வங்காள, அஸ்ஸாம் லஸ்கர்கள் 896 பேருக்காகக் கல்கத்தாவில் கங்கைக் கரையருகே 1924-ல் நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. அது இன்றும் நிற்கிறது.

கல் நிற்கிறது. பேச்சு?

கரிக்கப்பல் போயிற்று. அதோடு ஆக்வாலாவும் போனான். இன்றைய கப்பல்களில் இயந்திரம் பெருத்துவிட்டது, ஆட்கள் குறைந்துவிட்டார்கள். பழைய சொற்களை அறிந்தவர்கள் முதியவர்களாகிவிட்டார்கள். அவர்கள் கண்மூடினால் அந்தச் சொற்களும் கண்மூடிவிடும்.

ராஜாக்கள் கதையைக் கல்வெட்டு சொல்லும். கூலிக்காரன் கதையை அவன் பேசிய சொல்தான் சொல்லும்.

ஆகவே, தாத்தா கப்பலில் வேலை பார்த்தவராக இருந்தால், பேரப்பிள்ளைகள் இன்று மாலையே அவர் பக்கத்தில் உட்காரட்டும். "தாத்தா, கயிற்றுக்கு என்ன சொல்வீர்கள்? காற்றுக்கு என்ன பெயர்? புயலில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்கட்டும். அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும்.

காசு செலவு இல்லை. பெரிய படிப்பும் வேண்டாம். எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை போதும்!