பக்க அமைப்பு கற்பிக்கக் காளஹஸ்தியிலிருந்து ஓர் ஆசிரியர்

வடிவமைப்புக் கல்லூரிகளில், துணியில் மூங்கில் கலத்தால் வரையும் கலம்காரிக் கலை பெரும்பாலும் ‘கைவினை ஆவணப்படுத்தல்’ என்ற தலைப்பின் கீழ்தான் வருகிறது. மாணவர்கள் ஸ்ரீகாளஹஸ்திக்குப் போகிறார்கள், படம் எடுக்கிறார்கள், அறிக்கை எழுதித் தருகிறார்கள். பக்க அமைப்பும் எழுத்தும் வண்ணமும் சொல்லித்தரும் வகுப்புகளில் அந்த ஊரின் பேச்சே எழுவதில்லை. இது மாற வேண்டும்.

கலம்காரிக் கலைஞரும் ஆசிரியருமான ஜொன்னலகட்ட குரப்ப செட்டியை நாம் கைவினைஞர் என்று மட்டும் குறிப்பிட்டுப் பழகிவிட்டோம். திருப்பதியை அடுத்து, சுவர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ள ஸ்ரீகாளஹஸ்தி அவருடைய ஊர். கலம்காரித் தொழில் நலிந்து கிடந்த 1950களின் பிற்பகுதியில், கைவினைகளின் மீட்புக்காக உழைத்த கமலாதேவி சட்டோபாத்யாய எடுத்த முயற்சியால் அங்கே ஒரு பயிற்சி மையம் பிறந்தது. தந்தை லட்சுமய்யாவிடம் தொழில் கற்ற குரப்ப செட்டி, பின்னாளில் தாமே பலருக்குக் கற்பித்தார். மகன் நிரஞ்சனும் அதே வழியில் வந்தவர். குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்தியாவில் வடிவமைப்புக் கல்வி குறித்துத் தந்த ‘இந்திய அறிக்கை’ வந்தது 1958இல். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியது 1961இல். நம் துறைக் கல்வியின் கதையை இந்த இரண்டு ஆண்டுகளில் தொடங்குகிறோம். ஏறக்குறைய அதே காலத்தில் காளஹஸ்தியில் நடந்த வகுப்புக்கும் அந்தக் கதையில் இடம் உண்டு.

காளஹஸ்திக் கலம்காரியில் வரைந்த ஒரு ராமாயணத் துணியை விரித்துப் பாருங்கள். நடுவில் பட்டாபிஷேகம் பெரிய கட்டமாக இருக்கும். சுற்றிலும் வரிசை வரிசையாகச் சிறு கட்டங்களில் கதை ஓடும். வரிசைகளுக்கு இடையே ஒடுங்கிய பட்டையில் தெலுங்கு எழுத்து. எந்தக் காட்சிக்கு எவ்வளவு அகலம், கண் எங்கே நின்று எங்கே திரும்ப வேண்டும், எழுத்து படத்தை நெருக்காமல் எப்படி அமர வேண்டும் என்பதெல்லாம் அதில் தீர்க்கப்பட்டிருக்கிறது. நாம் கணினித் திரையில் தடுமாறும் அதே கேள்விகள்தான் இவை.

இங்கே அழித்துத் திருத்தும் வசதி கிடையாது. கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் ஊறிய துணியில், புளியங்குச்சிக் கரியால் போடும் முதல் கோட்டை மட்டும் தட்டி அழிக்கலாம். பிறகு மூங்கில் கலம் வரும். அதன் முனைக்கு மேல் சுற்றிய நூல்கட்டை விரலால் அழுத்தினால் மை இறங்கும். இரும்பும் வெல்லமும் புளித்து உண்டான அந்த மை, கடுக்காயின் துவர்ப்பைத் தொட்டதும் கறுத்துவிடும். பாலின் கொழுப்பு அதைப் பரவவிடாது. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசல் பூச வேண்டும். சாயவேர் போட்டுக் கொதிக்கவைத்த பிறகே நிறம் தெரியும். பூசும்போது கண்ணில் படாத நிறத்தை மனத்தில் வைத்துக்கொண்டு முழுத் துணியையும் திட்டமிடுகிற பயிற்சி இது. முதலாண்டு மாணவருக்கு இதைவிடக் கடுமையான, இதைவிடப் பயனுள்ள வண்ணப் பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே கல்லூரிகளிடம் நான் கேட்பது இதுதான். காளஹஸ்திக் கலைஞர்களை இரண்டு நாள் செயல்விளக்கத்துக்கு அழைத்துச் சால்வை போர்த்தி அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். ஒரு முழுப் பருவத்துக்குப் பக்க அமைப்புப் பாடத்தை அவர்களிடம் ஒப்படையுங்கள். பட்டச் சான்றிதழ் கேட்காதீர்கள். வருகைதரு பேராசிரியருக்குரிய ஊதியத்தைக் கொடுங்கள். மதிப்பெண் போடும் அதிகாரத்தையும் கொடுங்கள். 2015இல் தொடங்கிய ஆந்திரப் பிரதேசத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் இதில் முந்திக்கொள்ளலாம். சென்னைக் கல்லூரிகளுக்கும் காளஹஸ்தி தூரமில்லை.