25 ரியால் டிக்கெட்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கால்பந்து பார்க்கிறவனிடம் எந்த நாட்டுக்கு ஆதரவு என்று கேட்டால், பதில் பெரும்பாலும் அவன் அப்பாவிடமோ தாத்தாவிடமோ இருக்கும். புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எங்கள் பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. பெரியப்பா வீடு, பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்களை ஊரில் சொல்கிறபடி, சொல்தா வீடானது. எங்கள் வீடு அப்படியே இருந்தது.

பெரியப்பா மகன் இப்போது பாரிசுக்கு வடக்கே சார்செல்லில் இருக்கிறார். 1998 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜிதான் இரண்டு முறை தலையால் முட்டி பிரேசிலை வீழ்த்திய மைதானம் அங்கிருந்து பக்கம்தான். 2024-ல் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதிக்கு அண்ணன் மியூனிக் போனார். எந்தத் தூதரக வாசலிலும் அவர் நிற்க வேண்டியிருக்கவில்லை. அதே ஆட்டத்துக்கு நான் போக நினைத்திருந்தால் வங்கிக் கணக்கு, வருமான வரி, ஓட்டல் பதிவு, கைரேகை என்று சென்னைக்கு அலைந்திருக்க வேண்டும். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அணியின் பின்னால் போகும் ஆசை இருவருக்கும் ஒன்றுதான், பாஸ்போர்ட்தான் வேறு.

பிரான்ஸ் ஜெயித்தால் எனக்கும் சந்தோஷம். பிரான்ஸ் உலகக் கோப்பையை வென்ற 2018 ஜூலை 15 இரவு எங்கள் தெருவில் வெடித்த பட்டாசு இன்னும் நினைவிருக்கிறது. ஆனாலும் நான் பின்தொடர்வது இந்திய அணியை. அது உலகக் கோப்பையில் ஆடியதே இல்லை. அதனால் அதற்காக வெளிநாடு போகிறவனுக்குத் திசை ஒன்றுதான்: வளைகுடா.

2024 ஜனவரியில் ஆசியக் கோப்பைக்காக தோஹா போனேன். இந்தியர்களுக்கு அங்கே முன்கூட்டி விசா வேண்டாம், ஓட்டல் பதிவு இருந்தால் போதும். டிக்கெட் 25 ரியாலில் தொடங்கியது. போகிக்கு முந்தின நாள், சனிக்கிழமை, அகமது பின் அலி மைதானத்தில் ஆஸ்திரேலியாவுடன் ஆட்டம். 35,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எங்கு திரும்பினாலும் நீலச் சட்டை. அணி போகுமிடமெல்லாம் போகும் ப்ளூ பில்கிரிம்ஸ் ரசிகர்கள் ஒரு பக்கம் கொட்டடித்துப் பாடினார்கள். மலையாளிகளின் சத்தம் எல்லாவற்றையும் தூக்கி அடித்தது.

பக்கத்து இருக்கையில் குறிஞ்சிப்பாடிக்காரர் ஒருவர். சாரம் கட்டும் வேலை, தோஹாவின் தொழிற்பேட்டையான சனையாவில் ரூம். "பாண்டியா? எந்தப் பக்கம்ணே?" என்றார். மணிக்கூண்டு பக்கம் என்றதும், அங்கே தன் அத்தை வீடு இருப்பதாகச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைய டூட்டியை ஒரு நேபாளியிடம் மாற்றிவிட்டு வந்திருந்தார். முதல் பாதி 0-0. இடைவேளையில் அவர் ஊருக்கு வீடியோ கால் போட்டு, மனைவிக்கு மைதானத்தைச் சுற்றிக் காட்டினார். 50-வது நிமிடத்தில் நம் கோல்கீப்பர் குர்பிரீத் தட்டிவிட்ட பந்து ஆஸ்திரேலியாவின் ஜாக்சன் இர்வைன் காலில் விழுந்தது, கோல். பிறகு இன்னொன்று.

அடுத்து உஸ்பெகிஸ்தானிடம் 0-3. அல் பைத்தில் சிரியாவிடம் 76-வது நிமிடக் கோலில் 0-1. மூன்று ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. ஆனால் அந்தக் கடைசி ஆட்டம் நடந்தது செவ்வாய்க்கிழமை, வேலை நாளில். அல் பைத்தோ தோஹாவை விட்டு வெகு வடக்கே, அல் கோரில். அதற்கும் 42,000 பேருக்கு மேல் வந்தார்கள்.

அங்கேதான் எனக்கு ஒன்று விளங்கியது. விமானம் ஏறி வந்த என்னைப் போன்றவர்கள் அந்தக் கூட்டத்தில் ஒரு கைப்பிடிதான். மற்றவர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறவர்களைப் பார்க்க, ஊரே ஒரு அணியாகக் கிளம்பி வந்திருந்தது. 2018 ஜூனில் மும்பையில் இந்தியா ஆடியபோது 2,569 பேர்தான் இருந்தார்கள், கேப்டன் சேத்ரி ரசிகர்களைக் கையெடுத்துக் கூப்பிட வேண்டியதாயிற்று. தோஹாவில் யாரையும் யாரும் கூப்பிடவில்லை.

2027 ஆசியக் கோப்பை சவூதியில். குறிஞ்சிப்பாடிக்காரர் வேலை மாறி தம்மாம் போய்விட்டார். "மேட்ச் நடக்கிற அல் கோபார் பக்கம்தாண்ணே. ஓட்டல் போடாதீங்க, ரூம்ல தங்கிக்கலாம்" என்று அப்போதே சொல்லி வைத்திருந்தார். 2025 அக்டோபர் 14-ல் கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, இந்தியா அந்த வாய்ப்பை இழந்தது. நிர்வாகக் குழப்பம், பயிற்சியாளர் மாற்றம் என்று காரணங்களை அலசுகிறோம், அலச வேண்டியதுதான். ஆனால் அந்தத் தோல்வியில் ரியாத்திலும் ஜித்தாவிலும் தம்மாமிலும் லட்சக்கணக்கானவர்களின் ஒரு மாலைப்பொழுது பறிபோனதை யாரும் கணக்கில் எழுதவில்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் அதில்தான்.

தோற்ற அன்று இரவே குறிஞ்சிப்பாடிக்காரரிடமிருந்து குரல் செய்தி வந்தது. இதற்கு அடுத்த ஆசியக் கோப்பை எப்போது என்று கேட்டிருந்தார். 2031 என்றேன். அதற்குள் ஊருக்கே வந்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.