சுவரில் மாட்டிய கட்டளைகளும் வகுப்பில் நடக்காத பாடமும்

2024 ஜூனில் அமெரிக்காவின் லூசியானா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. மழலையர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை, அரசுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு வகுப்பறையிலும் பத்துக் கட்டளைகள் தொங்க வேண்டும்; அட்டை 11க்கு 14 அங்குலத்துக்குக் குறையக் கூடாது; எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். சட்டத்தின் ஆட்சியை மதிக்க விரும்புகிறவர்கள் ஆதிச் சட்டகர்த்தரான மோசேயிடமிருந்து தொடங்க வேண்டும் என்று கையெழுத்திட்ட ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி காரணம் சொன்னார். அடுத்த ஆண்டு டெக்சாஸும் அதே வழியில் போனது. அட்டையின் அளவு அங்கே 16க்கு 20 அங்குலம். இரு மாநிலங்களிலும் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். வழக்காடியவர்களில் யூதர்கள் இருந்தார்கள், கிறிஸ்தவர்கள் இருந்தார்கள், மதமற்றவர்கள் இருந்தார்கள். டெக்சாஸில் இந்துக் குடும்பமும் சேர்ந்துகொண்டது. கூட்டாட்சி மாவட்ட நீதிபதிகள் தடை விதித்தனர். மாநிலங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின.

ஹூஸ்டனிலும் டாலஸிலும் தமிழ்க் குழந்தைகள் இந்த வகுப்பறைகளில்தான் படிக்கிறார்கள். இது நமக்குத் தொலைதூரச் செய்தி இல்லை.

அமெரிக்க அரசியலமைப்பு யூத-கிறிஸ்தவ மரபில் பிறந்தது, அதை அப்படியே பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. மதத்தின் பேச்சே பள்ளிக்குள் வரக் கூடாது என்பது எதிர்த்தரப்பில் கேட்கும் உரத்த குரல்களில் ஒன்று. நாம் இரண்டுக்கும் இடையில் நின்று சமரசம் பேச விரும்பவில்லை. அந்த மரபைக் கற்பிக்கத்தான் வேண்டும். முழுமையாகக் கற்பிக்க வேண்டும். முழுமையாகக் கற்பித்தால், அரசு தன் கையால் எந்த வேதத்தையும் சுவரில் மாட்டக் கூடாது என்ற வாதம் அந்த மரபின் உள்ளிருந்தே எழுந்து வருவதை மாணவர் காண்பார்.

முதலில், உண்மையை உண்மையென்று ஒப்புக்கொள்வோம். 1620இல் மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்கள் கரையிறங்குமுன் தமக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தம், கடவுளின் முன்னிலையில் ஒரு மக்கள் கூட்டம் தன்னைத் தானே அரசியல் சமூகமாகக் கட்டிக்கொள்ளும் உடன்படிக்கை. சீனாய் மலையடிவாரத்தில் இஸ்ரவேலர் செய்த உடன்படிக்கையின் சாயல் அதில் இருக்கிறது. எழுதப்பட்ட அரசியலமைப்பு என்ற பழக்கத்துக்கு இந்த உடன்படிக்கை மரபும் ஓர் ஊற்று. 1776இல் நாட்டின் முத்திரைக்குப் படம் கேட்டபோது, மோசேயின் முன் செங்கடல் பிளக்கும் காட்சியை ஃபிராங்க்ளின் முன்மொழிந்தார். பாலைவனத்தில் நடக்கும் இஸ்ரவேலரை ஜெஃபர்சன் முன்மொழிந்தார். பிலடெல்பியாவின் விடுதலை மணியில் பொறித்திருப்பது லேவியராகமத்தின் வசனம். 1760 முதல் 1805 வரையிலான அமெரிக்க அரசியல் எழுத்துகளில் யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று அரசியல் அறிஞர் டொனால்ட் லட்ஸ் ஆராய்ந்து, 1984இல் முடிவை வெளியிட்டார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மேற்கோள்கள் விவிலியத்திலிருந்து வந்தவை. தனிநூலாக எடுத்தால் உபாகமமே முன்னால் நின்றது.

இந்த ஆய்வை மேடைகளில் அடிக்கடி கேட்கலாம். அதே ஆய்வின் மறுபாதி அங்கே ஒலிப்பதில்லை. அந்த விவிலிய மேற்கோள்களில் பெரும்பகுதி அச்சில் வந்த பிரசங்கங்களிலிருந்து கிடைத்தது. 1787, 1788இல் அரசியலமைப்பை ஏற்பதா மறுப்பதா என்று நாடே விவாதித்தபோது, அதை ஆதரித்தவர்களின் எழுத்தில் விவிலியம் அநேகமாகத் தென்படவேயில்லை. இந்த இரண்டு உண்மைகளையும் ஒரே மேசையில் வைப்பதுதான் கல்வி.

இன்னொரு எடுத்துக்காட்டு. தேசத்துரோகக் குற்றத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும் என்கிறது அமெரிக்க அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவு. மரண தண்டனைக்கு இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் வேண்டும் என்கிறது உபாகமம். ஒற்றுமை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் விதி நேரே அங்கிருந்து இங்கே தாவவில்லை. இங்கிலாந்தில் பொய்ச்சாட்சியால் தலைகள் உருண்ட காலத்தின் கசப்பும், 1695இன் துரோக வழக்குச் சட்டமும் நடுவில் நிற்கின்றன. விவிலியம், திருச்சபைச் சட்டம், ஆங்கிலப் பொதுச்சட்டம், ரோம வரலாறு, அறிவொளிக் காலத்து நூல்கள் எல்லாம் கலந்து ஓடிய ஆற்றிலிருந்து ஒரு துளியை எடுத்து, இது இன்ன மலையின் தண்ணீர் என்று அடித்துச் சொல்ல முடியாது. எந்தெந்த மலைகளிலிருந்து ஆறு வந்தது என்று மாணவருக்குக் காட்ட முடியும்.

இனி, பாடத்தின் கடினமான பகுதி. 1641இல் மாசசூசெட்ஸ் குடியேற்றம் தன் மரண தண்டனைச் சட்டங்களை விவிலிய வசன எண்களோடு எழுதியது. அந்நிய தெய்வத்தை வணங்கினால் மரணம், சூனியத்துக்கு மரணம். வேதத்தையே சட்டமாக்குவோம் என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய ஆவணம் இதுதான். அங்கே 1660இல் மேரி டயர் என்ற பெண் பாஸ்டனில் தூக்கிலிடப்பட்டார். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்து, நாடுகடத்தப்பட்டும் திரும்பி வந்ததுதான் அவர் செய்த குற்றம். தூக்கிலிட்டவர்களும் கிறிஸ்தவர்கள், தூக்கில் தொங்கியவரும் கிறிஸ்தவர்.

அதற்கு முன்பே அதே குடியேற்றத்திலிருந்து துரத்தப்பட்டவர் ரோஜர் வில்லியம்ஸ். 1636இல் பிராவிடன்ஸ் என்ற ஊரை உருவாக்கி, மனச்சாட்சிக்குத் தண்டனை இல்லை என்று அறிவித்தார். அவர் நாத்திகர் அல்லர். அந்தக் குடியேற்றத்தை ஆண்ட பியூரிட்டன்களின் பக்தியே போதாதென்று சொன்ன தீவிர விசுவாசி. அவருடைய வாதம் மத்தேயு நற்செய்தியிலிருந்து வந்தது. கோதுமையோடு களையும் அறுவடை வரை வளரட்டும், அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள் என்று இயேசு சொன்ன உவமையை எடுத்துக்கொண்டு, களை பிடுங்கும் வேலையை ஆட்சியாளர் கையில் கடவுள் கொடுக்கவில்லை என்றார். 1644இல் அவர் வெளியிட்ட நூல் முழுவதும் இந்த வாதம் விரிகிறது. திருச்சபைக்கும் அரசுக்கும் நடுவில் சுவர் வேண்டும் என்பது மதத்தின் எதிரிகள் பிற்காலத்தில் கண்டுபிடித்த சூழ்ச்சி என்று கற்பிப்பவர், வில்லியம்ஸை மறைத்துத்தான் அப்படிக் கற்பிக்க முடியும்.

வர்ஜீனியாவுக்கு வருவோம். 1774 தொடக்கத்தில், பக்கத்துக் கவுண்டியில் ஐந்தாறு பேர் தங்கள் சமயக் கருத்தைச் சொன்னதற்காகச் சிறையில் கிடக்கிறார்கள் என்று பின்னாளில் அரசியலமைப்பை வடிவமைத்தவர்களில் ஒருவரான இளைஞர் ஜேம்ஸ் மேடிசன் நண்பருக்கு மனம் நொந்து எழுதினார். உரிமம் இல்லாமல் பிரசங்கித்த பாப்டிஸ்ட் போதகர்களை ஆங்கிலிகன் சபையின் மாகாணம் அடைத்துவைத்த காலம் அது. பத்தாண்டுகள் கழித்து, கிறிஸ்தவ போதகர்களுக்குச் சம்பளம் கொடுக்க வரி விதிக்கலாம் என்று பேட்ரிக் ஹென்றி மசோதா கொண்டுவந்தார். வரி கட்டுபவர் தன் பணம் எந்தச் சபைக்குப் போக வேண்டும் என்று தானே சொல்லலாம், தாராளமாகத்தான் தெரிந்தது. மேடிசன் 1785இல் அதற்கெதிராக ஒரு விண்ணப்பம் எழுதினார். பிற மதங்களையெல்லாம் விலக்கிக் கிறிஸ்தவத்தை நிறுவ முடிந்த அதிகாரம், மற்றச் சபைகளை விலக்கி ஒரு சபையையும் நிறுவும் என்றார். அரசின் தாங்கலில் பதினைந்து நூற்றாண்டு வாழ்ந்த கிறிஸ்தவம் குருமார்களுக்கு இறுமாப்பையும் மக்களுக்கு அடிமைத்தனத்தையும்தான் தந்தது என்றார். அவருக்குத் தோள்கொடுத்து மாகாணமெங்கும் கையெழுத்துத் திரட்டியவர்கள் பாப்டிஸ்ட்களும் பிரெஸ்பிட்டேரியன்களும். ஹென்றியின் மசோதா வீழ்ந்தது. 1786இல் ஜெஃபர்சன் எழுதிய சமயச் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. ஜான் லீலண்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர் அந்தப் போராட்டத்தில் முன்னின்றவர். யூதருக்கும் முஸ்லிமுக்கும் தன் சபையாருக்கும் ஒரே உரிமை என்று அவர் எழுதினார்.

பிறகு வந்த அரசியலமைப்பின் வாசகத்தைப் பாருங்கள். கையெழுத்துத் தேதியில் நம் ஆண்டவரின் ஆண்டு என்ற வழக்கமான தொடர் இருக்கிறது. வேறெங்கும் கடவுளைப் பற்றிய பேச்சில்லை. பதவிக்கு மதத் தகுதி கேட்கவே கூடாது என்று ஆறாம் பிரிவு கட்டளையிடுகிறது. இது மறதியால் நேர்ந்ததில்லை. இறைப் பெயர் விடுபட்டதே என்று அன்றே பலர் குறைப்பட்டார்கள். உள்நாட்டுப் போர்க்காலத்தில் கிறிஸ்துவின் பெயரைச் சேர்க்கத் திருத்தம் கேட்டு ஓர் இயக்கமே நடந்தது, வெல்லவில்லை.

யூத-கிறிஸ்தவம் என்று ஒரே மூச்சில் சொல்கிறார்களே, அதில் யூதர் எங்கே? அந்த இணைப்பு அமெரிக்கப் பொதுப்பேச்சில் பரவலானது 1930களில், நாஜி வெறுப்புக்கு எதிராக நல்லெண்ணத்தோடு. ஆனால் அரசியலமைப்பு எழுதப்பட்ட காலத்து யூதரின் அனுபவம் வேறு. 1787 செப்டம்பர் 7 அன்று பிலடெல்பியாவின் யூத வணிகர் ஜோனஸ் பிலிப்ஸ், அரசியலமைப்பு அவைக்கு ஒரு கடிதம் எழுதினார். புதிய ஏற்பாடு இறைவாக்கு என்று உறுதிமொழி எடுத்தால்தான் பென்சில்வேனியா சட்டமன்றத்தில் அமர முடிந்த காலம் அது. விடுதலைப் போரில் எங்கள் மக்களும் ரத்தம் சிந்தினார்கள், இது நீதியா என்று கேட்டார். கதவடைத்து நடந்த அவை மதத் தகுதியை ஏற்கெனவே நீக்கியிருந்தது அவருக்குத் தெரியாது. மேரிலாந்தில் யூதர் பதவியேற்க 1826 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்களுக்காகச் சட்டமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் போராடிய தாமஸ் கென்னடி ஒரு கிறிஸ்தவர்.

யூத மரபை உண்மையிலேயே சட்டப் பாடமாக வைத்தால் வகுப்பு எவ்வளவு செழிக்கும்! யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தால்முதில் ஒரு கதை உண்டு. ஒரு சட்டச் சிக்கலில் ரபி எலியேசர் தனியே நிற்கிறார். அவர் பக்கம் உண்மை என்று காட்ட மரம் பெயர்ந்து நகர்கிறது, ஓடை பின்னோக்கி ஓடுகிறது, கடைசியில் வானிலிருந்தே குரல் வருகிறது. ரபி யோசுவா எழுந்து, சட்டம் வானத்தில் இல்லை என்று மறுக்கிறார்; அது மனிதரிடம் கொடுக்கப்பட்டுவிட்டது, பெரும்பான்மைப்படியே முடிவு என்று தால்முது விளக்குகிறது. எழுதியவரின் நோக்கம் பெரிதா, வாசிக்கிறவரின் பொறுப்பு பெரிதா என்று அரசியலமைப்பு அறிஞர்கள் இன்று மோதிக்கொள்ளும் களத்துக்கு இதைவிட நல்ல வாசல் எது? 1966இல் மிராண்டா வழக்கில், தன் வாயாலேயே தன்னைக் குற்றவாளியாக்க ஒருவரை நிர்ப்பந்திக்கக் கூடாது என்ற உரிமையின் பழமையைக் காட்ட, தலைமை நீதிபதி எர்ல் வாரன் அடிக்குறிப்பில் இடைக்கால யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிசைச் சுட்டினார். சுவர் அட்டையில் இதற்கெல்லாம் இடமில்லை.

அந்த அட்டையில் இருப்பதுகூட யாருடைய கட்டளைகள்? யூதருக்கு முதல் வாக்கியம், எகிப்திலிருந்து உன்னை விடுவித்த கடவுள் நானே என்பது. கத்தோலிக்கரும் லூத்தரன்களும் விக்கிரகத் தடையை முதல் கட்டளைக்குள் சேர்த்து எண்ணுகிறார்கள்; மற்றப் பெரும்பான்மைச் சீர்திருத்த சபைகள் அதைத் தனிக் கட்டளையாக்குகின்றன. ஓர் அரசு ஒரு வாசகத்தை அச்சிட்ட கணமே ஒரு சபையின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. எந்த விவிலியப் பதிப்பைப் பள்ளியில் வாசிப்பது என்ற சண்டையில் 1844இல் பிலடெல்பியா எரிந்தது. கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் பதிப்பை வாசிக்க அனுமதி கேட்டார் ஆயர் கென்ரிக். கலவரத்தில் இரண்டு கத்தோலிக்கக் கோவில்கள் கொளுத்தப்பட்டன, உயிர்கள் போயின.

அடிமைமுறையைச் சொல்லாமல் இந்தப் பாடம் முடியாது. வர்ஜீனியாவின் பாப்டிஸ்ட் போதகர் தார்ன்டன் ஸ்ட்ரிங்ஃபெல்லோ விவிலியத்திலிருந்தே அடிமைமுறைக்கு நியாயம் தேடினார். 1836இல் ஏஞ்சலினா கிரிம்கே அதே விவிலியத்தைத் திறந்து தென்மாநிலக் கிறிஸ்தவப் பெண்களிடம் அடிமைமுறையை ஒழிக்கச் சொல்லி எழுதினார். செங்கடலைக் கடந்த கதையைத் தம் சொந்தக் கதையாகப் பாடினார்கள் வயல்களில் உழைத்த கறுப்பின மக்கள். 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து மார்டின் லூதர் கிங் எழுதிய கடிதம், நியாயமற்ற சட்டம் எது என்பதை அகஸ்டினையும் அக்வினாசையும் யூதத் தத்துவவாதி மார்டின் பூபரையும் கூட்டி விளக்குகிறது. யூத-கிறிஸ்தவ நோக்கில் அரசியலமைப்பைப் படிக்கக் கேட்பவர்கள் முதல் நாள் வகுப்பிலேயே கையிலெடுக்கத் தகுந்த எழுத்து அது.

இப்படிக் கற்பிக்க எந்தச் சட்டமும் தடை போடவில்லை. தினமும் காலையில் பத்து விவிலிய வசனம் வாசிக்கச் சொன்ன பென்சில்வேனியச் சட்டத்தை 1963இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. விவிலியத்தை இலக்கியமாக, வரலாறாகப் பள்ளியில் படிப்பதற்குத் தடையில்லை என்றும் அதே தீர்ப்பில் நீதிபதி டாம் கிளார்க் எழுதினார். கென்டக்கியின் பத்துக் கட்டளை அட்டைகளை 1980இல் அகற்றச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இந்த வேறுபாட்டையே காட்டியது. பள்ளிப் பயிற்சியாளர் ஒருவரின் பிரார்த்தனை உரிமையை உச்ச நீதிமன்றம் 2022இல் ஏற்ற பிரெமெர்ட்டன் வழக்குக்குப் பின் காற்று மாறிவிட்டதென்று மாநிலங்கள் நம்பிச் சட்டம் இயற்றுகின்றன. நீதிமன்றங்கள் எப்படித் தீர்ப்பளித்தாலும், படிப்பதும் பணிய வைப்பதும் ஒன்றாகிவிடாது.

தனியார் கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களின் சட்டக் கல்லூரிகள், 1986இல் தொடங்கிய ரீஜென்ட்டைப் போன்றவை, தம் விசுவாசத்தின் வழியே சட்டம் கற்பிக்கின்றன. அது அவர்கள் உரிமை. அந்த உரிமையைக் காப்பதும் சமயச் சுதந்திரத்தை உறுதிசெய்யும் அரசியலமைப்பின் முதல் திருத்தம்தான். அங்கும் அரசுப் பள்ளிகளிலும் நாம் கேட்பது ஒன்றே. மோசேயோடு ரோஜர் வில்லியம்ஸையும், மேஃப்ளவரோடு மேரி டயரையும், ஹென்றியோடு லீலண்டையும், பத்துக் கட்டளைகளோடு ஜோனஸ் பிலிப்ஸின் கடிதத்தையும் வாசியுங்கள். வாஷிங்டனின் உச்ச நீதிமன்ற மண்டபச் சுவர்ச் சிற்பத்தில் பதினெட்டுச் சட்டகர்த்தர்கள் நிற்கிறார்கள். மோசேயின் வரிசையில் ஹம்முராபியும் சோலனும் கன்பூசியஸும், எதிர்ச்சுவரில் முகம்மது நபியும் ஜஸ்டினியனும். இவர்களைப் பற்றிக் கேள்வி கேட்கவும் வாதாடவும் பிள்ளைகளுக்கு ஆசிரியரும் நூலகமும் நேரமும் கொடுங்கள். அட்டை மாட்டச் செலவாகும் அரசியல் சக்தியில் பாதியை அதற்குச் செலவிட்டால் போதும். ஒரு மரபை நேசிக்கிறவர்கள் அதன் வாதங்களுக்கு அஞ்சமாட்டார்கள். யூத-கிறிஸ்தவ மரபு அமெரிக்கச் சட்டத்துக்குத் தந்த தலைசிறந்த கொடை, மனச்சாட்சியின் மேல் அரசுக்கு அதிகாரமில்லை என்ற வாதமே. அதைக் கற்பியுங்கள்.