ரத்தத்தில் இருப்பது வெறும் இரும்புதான்

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இரும்பு அடிக்கிறேன். மற்ற நாட்களில் கணினி முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறேன். என் சிறிய உலையில் அரிவாளோ மண்வெட்டியோ செய்வதில்லை, பாட்டில் ஓப்பனர்கள்தான். முறுக்கிய கைப்பிடி, இலை போன்ற நுனி, சுருண்ட வால் என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். நண்பர்களுக்குக் கொடுப்பேன், கேட்பவர்களுக்கு விற்பதும் உண்டு. என் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே பாராட்டைத்தான் சொல்கிறார்கள்: “உங்க தாத்தா கொல்லாசாரி இல்லையா? அதான் ரத்தத்துலயே ஊறியிருக்கு.”

அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் இந்தப் பாராட்டு எனக்கு வேண்டாம். குலத்தொழில் கோட்பாடு முழுவதும் அந்த ஒரு வரிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

முதலில் அந்த ஓப்பனர் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடுவோம். பன்னிரண்டு மில்லிமீட்டர் சதுரக் கம்பி ஒன்றைக் கரி உலையில் வைத்து ஆரஞ்சு நிறம் வரும்வரை காய்ச்ச வேண்டும். நிறம் மங்கிச் சிவப்பு இறங்கிய பிறகும் அடித்தால் விரிசல் விடும். சூடு எல்லை மீறினால் இரும்பே மத்தாப்பு போலப் பொரிந்து எரியும். சரியான சூட்டில் நுனியைத் தட்டையாக்கி, உளியால் நடுவில் பிளந்து, அந்தப் பிளவைக் கூம்புக் கம்பியால் மெல்ல மெல்ல விரித்து வளையமாக்க வேண்டும். வளையத்தின் உள்விளிம்பில் ஒரு சிறு உதட்டை அடித்து எடுக்க வேண்டும். 1892இல் அமெரிக்காவில் வில்லியம் பெயிண்டர் காப்புரிமை வாங்கிய அந்தப் பல்வைத்த மூடியின் குறுக்களவுக்கு ஏற்ப வளையம் அமைய வேண்டும். வளையம் சின்னதானால் மூடி அதற்குள் நுழையாது, பெரிதானால் வழுக்கும். உதடு மூடியின் பல்லுக்கு அடியில் கொக்கி போடும்போது எதிர்விளிம்பு மூடியின் தலையில் ஊன்றி நிற்க வேண்டும். அவ்வளவுதான், ஒரு நெம்புகோல்.

இதெல்லாம் என் கைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆனது. காணொளிகளைப் பார்த்துப் படித்தேன். சூட்டின் நிறத்தைக் கண்ணால் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் வெல்டிங் வேலை செய்யும் நண்பர் ஒருவர். ரத்தத்தில் ஊறியிருந்தால் இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் எதற்கு? வளர்ந்த மனித உடலில் மூன்று முதல் நான்கு கிராம் இரும்பு இருக்கிறது. அக்கிரகாரத்தில் பிறந்தவருக்கும் சேரியில் பிறந்தவருக்கும் அதே அளவுதான். அந்த இரும்புக்கு உயிர்க்காற்றைச் சுமக்கத் தெரியும், சுத்தி பிடிக்கத் தெரியாது.

என் தாத்தாவிடம் இருந்தது பயிற்சி. எட்டு வயதில் அவரைத் துருத்தி ஊத உட்கார வைத்தார்கள். பத்து ஆண்டுகள் சம்மட்டி தூக்கிய பிறகுதான் குறடு அவர் கைக்கு வந்தது. அந்தப் பத்து ஆண்டுகளின் வியர்வையை, தீக்காயத்தை, புகையில் கெட்ட கண்ணை எல்லாம் ‘ரத்தம்’ என்ற ஒரு சொல்லில் அழித்துவிடுகிறோம். ஒரு மனிதர் உழைத்துச் சம்பாதித்த அறிவைப் பிறப்பின் பெயரில் எழுதி வைக்கிறோம். அதே சொல்லைக் கொண்டே அவரை அந்தப் பட்டறையில் பூட்டியும் வைக்கிறோம். ரத்தத்தில் இருப்பதை யார்தான் விட்டுவிட்டுப் போக முடியும்?

தாத்தா கொழு அடித்தார், மண்வெட்டிக்கு இலை போட்டார், கதிர் அரிவாளுக்குப் பல் வெட்டினார். கூலியாக அறுவடைக்களத்தில் நெல் வாங்கினார். எவ்வளவு நெல் என்பதைத் தீர்மானித்தவர் நிலம் வைத்திருந்தவர். வேலை பிடிக்கவில்லை என்று அவரால் விட்டுவிட முடியாது, விலை கட்டவில்லை என்று மறுக்க முடியாது, வேறு வேலைக்குப் போகலாம் என்ற எண்ணமே அந்த ஊரில் யாருக்கும் வராது. சாதி வெறும் வேலைப் பிரிவினை அல்ல, உழைப்பவர்களையே மேல்கீழாக அடுக்கிப் பிரிக்கிற ஏற்பாடு என்று 1936இல் அம்பேத்கர் வாதிட்டார். தாத்தாவுக்குச் சுத்தி அந்த அடுக்கில் அவர் நிற்க வேண்டிய இடத்தின் அடையாளம். எனக்கு அதே சுத்தி ஞாயிற்றுக்கிழமை இன்பம். ஏனென்றால், மாலையானதும் நான் அதைக் கீழே வைத்துவிடலாம். திங்கட்கிழமை என் சோறு அதை நம்பி இல்லை.

இந்தக் கீழே வைக்கும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது? பரம்பரைச் சொத்தாக வரவில்லை. 1953இல் இராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் புதிய கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளியில் மூன்று மணி நேரம்தான் பாடம். மிச்ச நேரம் அப்பன் செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று சரியான பெயர் சூட்டி எதிர்த்து நின்றார் பெரியார். 1954இல் இராஜாஜி பதவி விலகினார். காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அப்போது என் அப்பா ஒரு கிராமத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் மதியத்துக்கு மேல் அவர் துருத்தி ஊதியிருப்பார். அது ஒழிந்ததால் பள்ளி இறுதிவரை படித்து, அரசு அலுவலகத்தில் எழுத்தர் ஆனார். அவர் சுத்தியை விட்டதால்தான் இன்று நான் அதை ஆசைக்காக எடுக்க முடிகிறது.

இதை ஏன் இன்று பேச வேண்டியிருக்கிறது? 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு ‘பி.எம். விஸ்வகர்மா’ திட்டத்தைத் தொடங்கியது. ஒதுக்கீடு 13,000 கோடி ரூபாய். கொல்லர், தச்சர், குயவர், முடிதிருத்துவோர், சலவைத் தொழிலாளர், காலணி செய்வோர் என்று பதினெட்டுத் தொழில்கள். ஐந்து சதவீத வட்டியில் முதலில் ஒரு லட்சம், பிறகு இரண்டு லட்சம் கடன். கருவி வாங்க 15,000 ரூபாய். பயிற்சி நாட்களில் தினம் 500 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திட்டத்தின் நோக்கமாக அரசே சொல்வது குரு – சிஷ்ய பரம்பரையையும் குடும்ப வழித் தொழிலையும் வலுப்படுத்துவது. குறைந்தபட்ச வயது 18. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரி வாசலில் நிற்கும் வயது அது. அந்த வாசலில் நிற்கும் சலவைத் தொழிலாளியின் மகளிடம் ஒரு லட்சம் ரூபாயை நீட்டி, “உங்க அம்மா செஞ்சதையே நீயும் செய்யேன்” என்று அரசு கேட்கிறது. 1953இல் பள்ளி நேரத்தைக் குறைத்தார்கள். இப்போது கடனை நீட்டுகிறார்கள். கைமாறு ஒன்றேதான்.

விண்ணப்பிப்பவர் குடும்பத் தொழிலில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையை நீக்குங்கள், குறைந்தபட்ச வயதை 35 ஆக்குங்கள் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. அது ஏற்கப்படாததால் இந்த வடிவில் திட்டத்தைச் செயல்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் முதலமைச்சர் ஒன்றிய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. இருபத்தைந்து தொழில்கள், 35 வயது நிரம்பியவர்கள், எந்தக் குடும்பத்தில் பிறந்தவரானாலும் விண்ணப்பிக்கலாம். வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் ஒன்று பிறப்பைக் கேட்கிறது, மற்றது வேலையைக் கேட்கிறது. நூறாண்டு சாதி எதிர்ப்பு அரசியலின் சாரம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இதைச் சொன்னால் என் சொந்தச் சாதிக்காரர்களுக்கே கோபம் வருகிறது. “நமக்குன்னு ஒரு திட்டம் வந்தா நீயே தடுக்கிறியே தம்பி” என்கிறார் உறவினர் ஒருவர். தட்டார், கொல்லர், தச்சர், கன்னார், சிற்பி என ஐந்து பிரிவினரும் விஸ்வகர்மாவின் பிள்ளைகள், நாம் விஸ்வபிராமணர், நமக்கும் பூணூல் உண்டு என்று பெருமை பேசுகிறார். அந்தப் பெருமையைக் கொஞ்சம் உரசிப் பார்த்தால் என்ன தெரிகிறது? ஐந்துக்குள்ளேயே பொன்னைத் தொடுகிறவரின் மதிப்பு இரும்பைத் தொடுகிறவருக்கு இல்லை. அந்த இரும்புக்காரரும் தனக்குக் கீழே ஒருவரை நிறுத்தி வைத்திருந்தார். தாத்தாவின் துருத்திக்குத் தோல் பதப்படுத்தித் தந்த அருந்ததியர் பட்டறை வாசலோடு நிறுத்தப்பட்டார் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் பதமிட்ட தோல் இல்லாமல் உலையில் நெருப்பே இல்லை. தோல் உள்ளே வரலாம், தோல் தந்தவர் வரக்கூடாது. இந்த லட்சணத்தில் எதற்குப் பூணூல்? மேலே இருப்பவரைப் போலவே நூல் போட்டுக்கொண்டு, கீழே இருப்பவரை வாசலில் நிறுத்துவதற்குப் பெயர் சுயமரியாதை அல்ல, பார்ப்பனியத்தின் சில்லறை வியாபாரம்.

“அப்போ கலை அழிஞ்சு போகட்டும்கிறீங்களா?” என்று முற்போக்கு நண்பர்களும் கேட்கிறார்கள். பரம்பரை விட்டுப்போனால் கைவினை செத்துவிடும் என்ற பயம் படித்தவர்களிடம்கூட இருக்கிறது. அமெரிக்காவைப் பாருங்கள். டிராக்டரும் ஆலை உற்பத்தியும் வந்தபின் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே ஊர்க் கொல்லர்கள் ஏறக்குறைய மறைந்தே போனார்கள். 1969இல் கொல்லுத் தொழிலைப் பற்றி அலெக்ஸ் பீலர் எழுதிய நூல் பலரை மீண்டும் உலைக்கு இழுத்தது. அவர் அட்லாண்டாவில் விளம்பரத் துறையில் இருந்தவர். 1973இல் வட அமெரிக்கக் கலைக் கொல்லர்களுக்கென ஒரு சங்கமே உருவானது. இன்று நான் பார்த்துப் படிக்கும் காணொளிகளில் பாதி அந்த அலையின் தொடர்ச்சிதான். பிறப்பால் தொடராத கலை, விரும்பிக் கற்றவர்களால் உயிர் பெற்றது. அங்கே நிறவெறி இல்லை என்று சொல்ல வரவில்லை. தெற்கு மாநிலங்களில் அடிமைகளாக வைக்கப்பட்ட கறுப்பினக் கொல்லர்களின் உழைப்பு அந்த இரும்பு வரலாறெங்கும் இருக்கிறது. 1800இல் வர்ஜீனியாவில் அடிமைகளின் எழுச்சிக்குத் திட்டமிட்டுத் தூக்கில் ஏற்றப்பட்ட கேப்ரியல் ஒரு கொல்லர். கலை பிழைக்கப் பிறப்பு தேவையில்லை, கதவு திறந்திருந்தால் போதும் என்பதே நான் சொல்வது.

என்னைப் போன்ற பொழுதுபோக்குக் கொல்லர்களிடமும் ஒரு வார்த்தை. இரும்படிப்பது இப்போது நகரத்தில் கவர்ச்சியாகிவிட்டது. ஓப்பனரில் ‘பாரம்பரியக் கைவினை’ என்று அட்டை கட்டி விற்கிறார்கள். அதைப் பேரம் பேசாமல் 800 ரூபாய்க்கு வாங்குகிறவர், சாலையோரத்தில் லாரிப் பட்டையை அடித்துக் கோடாரி செய்யும் மத்தியப் பிரதேசக் குடும்பத்திடம் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்கிறார். அங்கே கைக்குழந்தையை மரநிழலில் படுக்க வைத்துவிட்டுச் சம்மட்டி அடிக்கும் பெண்ணை யாரும் கலைஞர் என்று அழைப்பதில்லை. அதே நெருப்பு, அதே இரும்பு. என் வியர்வைக்கு ‘மன அமைதி’ என்று பெயர், அவர் வியர்வைக்குப் பெயரே இல்லை.

எந்தெந்த வேலைகள் பொழுதுபோக்கு ஆகின்றன என்ற பட்டியலைப் போட்டுப் பாருங்கள். இரும்பு, மரம், மண்பாண்டம், நெசவு எல்லாம் ஆகும். தோல்பை தைப்பதும் ஆகும், ஆனால் கடையில் வாங்கிய பதப்படுத்திய தோலில் மட்டும். செத்த மாட்டை உரிப்பது ஆகாது. சாக்கடைக்குள் இறங்குவது ஆகாது. 1993இலும் 2013இலும் சட்டம் போட்ட பிறகும் அந்தக் குழிக்குள் இறங்கிச் சாகிறவர்கள் எந்தச் சமூகத்தவர் என்று நமக்குத் தெரியும். ‘எல்லாத் தொழிலும் புனிதம், எல்லாவற்றுக்கும் ஒரு பாரம்பரியம்’ என்று பேசுகிறவர்கள் அந்தப் பாரம்பரியத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காவது கையில் எடுக்கட்டும்.

எனக்குச் சூட்டின் நிறம் சொல்லிக்கொடுத்த நண்பரின் சாதி எனக்குத் தெரியாது. அவர் ஐ.டி.ஐ.யில் படித்துச் சான்றிதழ் வாங்கிய வெல்டர். ‘வெல்டர்’ என்றால் தொழில் மட்டும் தெரிகிறது, ‘ஆசாரி’ என்றால் சாதியும் சேர்ந்து தெரிகிறது. இரண்டும் நெருப்பில் இரும்பை வசப்படுத்தும் வேலைதான். ஒன்றை வகுப்பறையில் யாரும் கற்கலாம், மற்றது வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தது. நமக்குத் தேவை எல்லாக் கைத்தொழிலும் வகுப்பறைக்கு வருவது. கொல்லரின் மகள் மருத்துவம் படிக்கவும், மருத்துவரின் மகன் பட்டறையில் நின்று கற்கவும் வழி வேண்டும். பட்டறையில் நிற்பவருக்குக் கௌரவமாக வாழும் கூலி வேண்டும். கற்றுத்தரும் முதிய கொல்லருக்கு ஆசிரியர் என்ற பெயரும் ஊதியமும் வேண்டும்.

ஆகவே தோழர்களே, விருப்பம் இருந்தால் தாராளமாகச் சுத்தியைப் பிடியுங்கள். யார் வேண்டுமானாலும் எந்த வேலையையும் கற்கலாம் என்பதே சாதிக்கு எதிரான செயல்தான். செய்ததை விற்கும்போது பாரம்பரியம் என்று அட்டை கட்டாதீர்கள், கற்றுக்கொடுத்தவரின் பெயரை எழுதுங்கள். கொல்லர் பட்டறையில் அவர் சொல்லும் விலையைக் கொடுங்கள். குலத்தொழிலுக்குக் கடன் தருகிறோம் என்று யார் வந்தாலும், உங்கள் பிள்ளைக்கும் இதே விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டீர்களா என்று கேளுங்கள்.