மழையில பிரேக் பிடிக்குமா? பட்ஜெட் 'பெர்ஃபாமன்ஸ்' டயர் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

கார் வாங்கி 4 வருஷம் ஆச்சு. மீட்டர் 40,000 கி.மீ. தாண்டிருச்சு. சர்வீஸுக்கு விட்ட இடத்துல, "சார், பட்டன் தேய்ஞ்சு போச்சு, டயரை மாத்திருங்க" என்கிறார்கள். அன்று ராத்திரியே போனில் தேடல் ஆரம்பமாகிறது. கம்பெனி கொடுத்த அதே டயரா? இல்லை, கொஞ்சம் காசு சேர்த்துப் போட்டு 'பெர்ஃபாமன்ஸ்' டயருக்குப் போய்விடலாமா?

முதல் கார் வாங்கிய இளம் ஊழியர்கள் பலரும் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். கடைக்காரர் விலை சொல்வார், பிராண்டு சொல்வார், "இது 50,000 ஓடும் சார்" என்பார். ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், நனைந்த ரோட்டில் அந்த டயர் எத்தனை மீட்டரில் வண்டியை நிறுத்தும் என்ற கேள்விக்கு மட்டும் கடையில் பதில் கிடைப்பதில்லை. வாங்குபவரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

'பெர்ஃபாமன்ஸ்' என்றால் என்ன?

அது ஒரு விளம்பரச் சொல். ஐ.எஸ்.ஐ. முத்திரை போல எவரும் சோதித்துக் கொடுக்கும் பட்டம் அல்ல. பொதுவாக வேகக் குறியீடு 'எச்', 'வி' அல்லது அதற்கு மேல் உள்ள, ஓரங்கள் விறைப்பான, ரப்பர் கொஞ்சம் மென்மையான டயர்களை அந்தப் பெயரில் விற்கிறார்கள். 'டி' என்றால் 190 கி.மீ., 'எச்' என்றால் 210, 'வி' என்றால் 240, 'டபிள்யூ' என்றால் 270 கி.மீ. வேகம் வரை தாங்கும் என்று பொருள்.

இந்த வேகத்தில் போக இங்கே எந்தச் சாலையிலும் அனுமதி இல்லை. அப்படியானால் இந்த டயர் எதற்கு? நியாயமான கேள்விதான். பதில் வேகத்தில் இல்லை, நிற்பதில் இருக்கிறது. டயர் ரோட்டைத் தொடும் இடம் ஒரு உள்ளங்கை அளவுதான். நாலு உள்ளங்கையை நம்பித்தான் ஒரு டன் வண்டி நிற்கிறது. ஏ.பி.எஸ்., ஏர்பேக் என்று காரில் எது இருந்தாலும், அந்த நாலு இடத்தில் பிடி இல்லையென்றால் பிரேக் வேலை செய்ய வழியில்லை.

ஒரு சின்னக் கணக்கு

இரண்டு கார்கள் நனைந்த ரோட்டில் பக்கத்துப் பக்கத்தில் 80 கி.மீ. வேகத்தில் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் டயருக்கு உராய்வு எண் 0.8, மற்றதற்கு 0.6. ஒரே நொடியில் இரண்டு பேரும் பிரேக்கை மிதிக்கிறார்கள்.

முதல் கார் சுமார் 31 மீட்டரில் நின்றுவிடும். இரண்டாவது நிற்க 42 மீட்டர் வேண்டும். "10 மீட்டர்தானே" என்று தோன்றலாம். ஆனால் முதல் கார் முழுசாக நின்ற அதே இடத்தில், இரண்டாவது கார் இன்னும் 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு லாரியின் பின்பக்கம் இருந்தால்? சாலையைக் கடக்கும் ஒருவர் இருந்தால்?

இது பள்ளிக்கூட இயற்பியல் கணக்குதான். ஆனால் கற்பனை வித்தியாசம் அல்ல. ஈரப்பிடிப்பில் மிக நல்ல வகுப்பு டயருக்கும் கடைசி வகுப்பு டயருக்கும் இடையே, 80 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும் தூரம் 18 மீட்டர் வரை மாறலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் தன் மக்களுக்குச் சொல்லிவருகிறது. அது கிட்டத்தட்ட நாலு கார் நீளம்.

மாற்றியவர்கள் எதை உணர்கிறார்கள்?

நடுத்தர விலையில் நல்ல டயருக்கு மாறியவர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே மாதிரி விஷயங்கள்தான் வரும். ஸ்டீயரிங் திருப்பினதும் வண்டி கேட்கிறது. மழையில் பிரேக் அடிக்கும்போது ஏ.பி.எஸ். முன்பு போல அடிக்கடி துடிப்பதில்லை. வளைவில் வண்டி மிதப்பது போன்ற உணர்வு குறைகிறது. இதெல்லாம் லாபக் கணக்கு.

நஷ்டக் கணக்கும் உண்டு. பிடி அதிகமான டயரை உருட்டக் கூடுதல் சக்தி வேண்டும், அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையலாம். மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும். ஓரம் விறைப்பாக இருப்பதால் பள்ளத்தில் 'டம்' என்று இறங்கும். கான்கிரீட் ரோட்டில் சத்தம் கேட்கும், டயர் தேயத் தேய அந்தச் சத்தம் கூடும்.

பிடி, ஆயுள், எரிபொருள் சிக்கனம் மூன்றும் ஒன்றையொன்று இழுப்பவை. ஒன்றை ஏற்றினால் இன்னொன்று இறங்கும். ரப்பரில் சிலிகா சேர்ப்பது இந்த இழுபறியைக் கொஞ்சம் தளர்த்தியது. 1992-ல் மிச்செலின் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, இன்று எல்லா நிறுவனங்களும் பயன்படுத்துகின்றன. பட்ஜெட் விலையில் ஓரளவு நல்ல ஈரப்பிடிப்பு கிடைக்கிறதென்றால் இதுவும் ஒரு காரணம். ஆனாலும் மூன்றையும் முழுசாகக் கொடுக்கும் டயர் இதுவரை வரவில்லை. "எல்லாமே சூப்பர் சார்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

'அப்சைஸ்' ஆசையில் ஒளிந்திருக்கும் எண்

பெர்ஃபாமன்ஸ் டயர் தேடுபவர் அடுத்து போய் நிற்கும் இடம் பெரிய அலாய் வீல். 185/65 ஆர்15 டயருக்குப் பதில் 195/55 ஆர்16 போடலாமா? வெளிவிட்டம் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், சுமார் 621 மி.மீ. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. கடையிலும் "பக்காவா உட்காரும்" என்பார்கள்.

ஆனால் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எடைக் குறியீட்டைப் பாருங்கள். 185/65 ஆர்15-ல் வழக்கமாக 88 இருக்கும், அதாவது ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 195/55 ஆர்16-ல் பொதுவாக 87, அதாவது 545 கிலோ. அகலமாக, கம்பீரமாகத் தெரிகிற டயர், எடை தாங்குவதில் ஒரு படி கீழே. சின்னக் காருக்கு இது போதுமானதாக இருக்கலாம். இருந்தாலும் டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் கையேட்டையும் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. கார் நிறுவனம் சொன்ன எடை, வேகக் குறியீடுகளுக்குக் கீழே போகவே கூடாது.

இன்னொன்று, ஓரச்சுவரின் உயரம். முதல் டயரில் அது சுமார் 120 மி.மீ., இரண்டாவதில் 107. பள்ளத்தின் அடியை வாங்கும் மெத்தை அந்த அளவுக்கு மெலிகிறது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஓரம் புடைத்துக்கொண்டு வந்து, ரிம்மும் வளைந்து, மறுபடி கடைக்கு வருபவர்கள் பலர். புடைத்த டயருக்குப் பஞ்சர் போடுவது போல வைத்தியம் கிடையாது, மாற்றித்தான் ஆக வேண்டும். அப்சைஸுக்குச் செலவழிக்கும் பணத்தில், பழைய அளவிலேயே ஒரு நல்ல தர டயர் வாங்கிவிடலாம்.

டயரே சொல்லும் ஜாதகம்

டயர் ஓரத்தில் 'டாட்' எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம் பிறந்த தேதி. 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம். "புது டயர்" என்று கொடுப்பது குடோனில் ரெண்டு வருஷம் கிடந்ததா என்று இதை வைத்தே தெரிந்துகொள்ளலாம். 5 வருஷத்துக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை டயரைப் பரிசோதிக்கச் சொல்லியும், பட்டன் மிச்சமிருந்தாலும் 10 வருஷம் ஆனால் கழற்றச் சொல்லியும் நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன.

சில டயர்களில் அமெரிக்க முறைப்படி 'ட்ரெட்வேர்', 'டிராக்‌ஷன்', 'டெம்பரேச்சர்' என்று மூன்று மதிப்பீடுகள் இருக்கும். ட்ரெட்வேர் எண் கூடினால் ஆயுள் கூடும் என்று பொருள், ஆனால் அதைப் போடுவது தயாரிப்பாளரேதான். டிராக்‌ஷனில் 'ஏஏ' உயர்ந்தது, 'சி' கடைசி. இது நனைந்த தளத்தில் நேராகப் பிரேக் பிடிக்கும்போது உள்ள பிடியை மட்டுமே சொல்கிறது. வளைவில் எப்படி, தேங்கிய தண்ணீரில் எப்படி என்பது அதில் வராது.

பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடு போலத் தெரிவது தேய்மானக் குறி. பட்டன் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் 1.6 மி.மீ. ஆழம்தான் மிச்சம், சட்டப்படி அதுதான் எல்லை. மழையைக் கணக்கில் எடுத்தால் அதற்கு முன்பே மாற்றுவது புத்திசாலித்தனம். தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்களின் வேலை. அவை மூடினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டயரும் தண்ணீர் மேல் மிதக்கும்.

பட்ஜெட் இடித்தால் சிலர் இரண்டு டயர் மட்டும் மாற்றுவார்கள். "முன்னாடிதான் இன்ஜின் இழுக்குது, புதுசை முன்னாடி போடுங்க" என்பது கடைப் பழக்கம். டயர் நிறுவனங்களின் அறிவுரை நேர் எதிர்: புதியதைப் பின்னால் போடுங்கள். ஈரத்தில் முன்சக்கரம் பிடி இழந்தால் வண்டி நேராக நழுவும், ஓட்டுபவருக்கு அது உடனே தெரியும். பின்சக்கரம் பிடி இழந்தால் வண்டி சுற்றும்.

பாஸ் மார்க் இருக்கு, ரேங்க் எங்கே?

இந்தியாவில் கார் டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 2022-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் உருளும் எதிர்ப்பு, ஈரப்பிடிப்பு, சத்தம் ஆகிய மூன்றுக்கும் ஏ.ஐ.எஸ். 142 தரநிலையின் கீழ் வரம்புகளை அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால் அது பாஸ் மார்க். 36 எடுத்தவரும் 95 எடுத்தவரும் கடையில் ஒரே மாதிரி 'பாஸ்' ஆகத்தான் நிற்கிறார்கள். எரிசக்தி சிக்கன அமைப்பின் நட்சத்திரக் குறியீடு டயருக்கும் வந்திருக்கிறது. அந்த நட்சத்திரங்கள் எரிபொருள் சேமிப்பைச் சொல்கின்றன, மழையில் நிற்கும் தூரத்தைச் சொல்வதில்லை.

ஐரோப்பாவில் 2012 நவம்பர் முதல் டயருக்கு ஈரப்பிடிப்பு வகுப்போடு லேபிள் கட்டாயம். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருப்பது போலவே எழுத்தும் நிறமுமாக, விலைக்குப் பக்கத்திலேயே அது தெரியும். இந்தியாவிலிருந்து அங்கே விற்பனைக்குப் போகும் கார் டயருக்கும் அதே விதிதான். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், தேர்வாய் கண்டிகை என்று சென்னையைச் சுற்றியே பெரிய டயர் ஆலைகள் இருக்கின்றன. அங்கே இருப்பவருக்குத் தெரியும் தகவல், ஆலைக்குப் பக்கத்து ஊரில் டயர் வாங்குபவருக்கு ஏன் தெரியக் கூடாது?

2020 ஜூனில் புது டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு உரிமக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. உள்நாட்டு உற்பத்தியை வளர்ப்பது நோக்கம். அதன் விளைவாக வாங்குபவரின் தேர்வு சுருங்கியது. தேர்வைச் சுருக்கும்போது, இருக்கிற தேர்வுகளைப் பற்றிய தகவலையாவது முழுசாகக் கொடுப்பதுதான் நியாயம். சோதனை நடக்கிறது, எண் நிறுவனத்திடம் இருக்கிறது. அதை ஒரு ஸ்டிக்கராக டயரில் ஒட்டுவதும், இணையத்தில் விலைக்குப் பக்கத்தில் போடுவதும் பெரிய செலவு அல்ல. ஈரப்பிடிப்பு வகுப்பைக் கட்டாயமாகக் காட்ட அமைச்சகம் உத்தரவிட வேண்டும்.

அந்த 2,000 ரூபாய்

அதுவரை வாங்குபவர் கையில் இருப்பது ஒரு சின்ன வாய்ப்பு. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முன் 5,000 ரூபாய் உள்ள டயர் 6,400-லிருந்து 5,900 ஆகிறது. நாலு டயருக்கு 2,000 ரூபாய் மிச்சம்.

அதை சீட் கவருக்கும் அலாய் வீலுக்கும் போடலாம். அல்லது ஒரு படி மேலான டயர், அலைன்மென்ட், பேலன்சிங் என்று போடலாம். மாற்றிய பிறகு முதல் 200, 300 கி.மீ. நிதானமாக ஓட்டி, டயர் குளிர்ந்திருக்கும்போது மாதம் ஒருமுறை காத்து பார்த்தால் போதும்.

அடுத்த முறை கடையில் "எவ்வளவு ஓடும்?" என்று கேட்பதற்கு முன், "மழையில எப்படி நிக்கும்?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் கம்பெனியைக் கேட்பார். ஆயிரம் பேர் கேட்டால் கம்பெனி பதில் சொல்லியே ஆக வேண்டும்.