தேடலாம், தோண்டக் கூடாது

கார்ல்ஸ்பெர்க் கடலடி மலைத்தொடரில் 10,000 சதுர கி.மீ. பரப்பில் பல்லுலோக சல்பைடுகளை (கந்தகத்தோடு சேர்ந்த உலோகத் தாதுக்களை) தேட, 2025 செப்டம்பரில் சர்வதேச கடலடி ஆணையத்துடன் இந்தியா ஒப்பந்தம் செய்துகொண்டது. இந்தியப் பெருங்கடலின் வேறு இரு மலைத்தொடர்களில் இதே அளவு பரப்புக்கு 2016-லேயே ஒப்பந்தம் உண்டு. தேடட்டும். ஆனால் தேடலுக்குக் கொடுத்த அனுமதியே தோண்டவும் அனுமதி என்று ஆகிவிடக் கூடாது.

கடற்கரையே இல்லாத திண்டுக்கல்லுக்கு இதில் என்ன வேலை? இருக்கிறது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையும் நாட்டின் சட்டம் என உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது, 1996-ல் தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை) கழிவுநீர் வழக்கில். தீர்ப்பு பட்டியலிட்ட மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. ஆனால் அதற்குள் கிணறுகள் கெட்டுவிட்டன. கடலிலும் அப்படி ஆகிவிடக் கூடாது.

கடலடியில் உலோகத்தைச் சேர்ப்பதும் நீர்தான். பூமியின் தட்டுகள் விலகும் இடத்தில், விரிசல் வழியே இறங்கும் கடல்நீரை அடியிலுள்ள பாறைக்குழம்பின் வெப்பம் காய்ச்சுகிறது. அமிலமாகிப் போன அந்த நீர் பாறையிலிருந்து செம்பு, துத்தநாகம், இரும்பு, சிறிதளவு தங்கம், வெள்ளி ஆகியவற்றைக் கரைத்துக்கொண்டு, 350 டிகிரி செல்சியஸையும் தாண்டிய சூட்டில் மேலே பீறிடுகிறது. மேலேயுள்ள கடல்நீரோ 2 டிகிரிதான். சூடு பட்டதும் கடல்நீரின் கால்சியம் சல்பேட், நம்மூர் உப்புத்தண்ணீர் காய்ச்சிய அண்டாவில் படிவது போல, வெள்ளைச் சுவராகப் படிகிறது. அதன் உட்புறம் செம்புத் தாது ஒட்டுகிறது. மிச்ச உலோகங்கள் கரும்புகையாக வெளியேறுகின்றன. இப்படி எழும் புகைபோக்கி ஒரே நாளில் 30 செ.மீ. கூட வளரும். தோண்டத் தகுந்த பெருந்திட்டு சேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

சூரிய ஒளியே எட்டாத அந்த ஊற்றுகளில் வெந்நீரின் வேதிப்பொருளை நம்பி உயிர்கள் வாழ்கின்றன. காலில் இரும்பு சல்பைடு செதில் கொண்ட நத்தை இந்தியப் பெருங்கடலுக்கே உரியது. கடலடிச் சுரங்க ஆபத்தைக் காரணம் காட்டி 2019-ல் அது அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டது. சுரங்கம் இன்னும் தொடங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மின்வாகனத்துக்குச் செம்பு வேண்டாமா என்கிறார்கள். வேண்டும்தான். சூடு ஆறிய பழைய திட்டுகளை மட்டும் தொடலாமே என்றும் ஒரு வாதம் உண்டு. அவற்றில் பல உயிருள்ள ஊற்றுகளின் பக்கத்திலேயே கிடக்கின்றன. கிளறும் சேறு எல்லை பார்த்து நிற்காது. தோண்டினால் சேதம் எவ்வளவு என்று கணக்கிட, தோண்டும் முன் அங்கே என்ன இருந்தது என்ற பதிவு வேண்டும். 4,500 மீட்டர் ஆழத்தில் இயங்கும் ஊற்று ஒன்றை நம் விஞ்ஞானிகள் படம்பிடித்ததே 2024 டிசம்பரில்தான்.

சென்னை தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கி ஆழத்துக்குப் போகட்டும், அளந்து வரட்டும். அந்தத் தரவுகளை அரசு பொதுவில் வைக்க வேண்டும். இயங்கும் ஊற்றுகள் எதுவும் சுரங்கத்துக்கு இல்லை என்று இப்போதே அறிவிக்க வேண்டும். பிரான்ஸும் ஜெர்மனியும் கோரும் சுரங்க நிறுத்தத்துக்கு ஆணையத்தில் இந்தியாவும் கைதூக்க வேண்டும்.